சாம்பிராணி போட்ட லேசர்

கதவைத் தொடாதீர்கள் சார். மேலே சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள். உள்ளே லேசர் ஓடவில்லை, செத்துக் கிடக்கிறது. ஆனாலும் விளக்கு எரிகிறது. அக்கா அணைக்க விடமாட்டேன் என்கிறாள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பூட்டுச் சாவியும் அவளிடம்தான். அவளும் அவளுடைய புரொபசரும் உங்களுக்கு கேட் பாஸ் வாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். நீங்கள் பாஸ் இல்லாமலே உள்ளே வந்துவிட்டீர்கள். இந்த யுனிவர்சிட்டியில் அப்படித்தான். கேட்பவனை நிறுத்துவார்கள், கேட்காதவன் போய்க்கொண்டே இருக்கலாம்.

லேசர் கம்பெனி இன்ஜினியர்தானே? பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது. உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்த பெஞ்சில் உட்காருங்கள்.

என்ன ஆச்சு என்றா கேட்டீர்கள்?

சார், பூஜை முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் "என்னடா பண்ணினே?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வியா? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சரியாகக் கேட்டீர்கள். கேட்டால் நான் சொல்வேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

என் பெயர் லோகித். கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். உள்ளே செத்துக் கிடக்கிற லேசரை வைத்து பிஎச்.டி. செய்கிறாளே கோகிலவாணி, அவளுடைய தம்பி. நான் பிளஸ் டூவில் நின்றவன். ஃபெயில் இல்லை சார், நின்றவன். நானாக நின்றேன். அதில் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் பிராக்டிகல் வகுப்பு தொடங்கும்போதே ரீடிங்கை போர்டில் எழுதிப் போட்டுவிடுவார். பியூரெட் குழாயிலிருந்து நீங்கள் எவ்வளவு இறக்கினாலும் எல்லோருக்கும் அதே ரீடிங்தான். நான் இறக்கிப் பார்த்தேன். எனக்கு வேறு வந்தது. வந்ததை எழுதினேன்.

"பியூரெட்டைக் கழுவினியாடா?" என்றார்.

கழுவவில்லை. எனக்கு முன்னால் ஒரு பையன் அதில் அதே திரவத்தைத்தான் ஊற்றினான். எதற்குக் கழுவ வேண்டும்?

"அப்ப உன் ரீடிங் தப்பு. போர்டுல இருக்கறத எழுது."

"நீங்க இறக்கியே பாக்கலையே சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே நில் என்றார். நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன். அப்புறம் போகவில்லை. அவ்வளவுதான் கதை. அம்மா அழுதாள், மாமா வந்து பேசினார், ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பட்டறைக்குள்ளும் விடமாட்டேன் என்றுவிட்டார். "போடா. போய் உங்கக்காகூடக் கொஞ்ச நாள் இரு. படிப்பு ஒரு மனுசனை எங்க கொண்டுபோய் வைக்குதுன்னு பாத்துட்டு வா" என்றார்.

பார்த்தேன் சார். நன்றாகவே பார்த்தேன். இருட்டறையில் கொண்டுபோய் வைக்கிறது.

எனக்கு இந்த லேசரில் ஒரு ஆர்வமும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தனியாக இருக்கக் கூடாது, லேசர் ஓடும்போது கூட ஒரு ஆள் இருக்கவேண்டும் என்று ரூல் இருக்கிறதாம். கூட ஆராய்ச்சி செய்த பையன் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதனால் என்னைப் பச்சைக் கண்ணாடி மாட்டி மூலையில் உட்கார வைத்தாள். உட்கார்ந்திருந்தால் காதில் விழத்தானே செய்யும்? விழுந்தது. அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாததா. இருந்தாலும் எனக்கு எப்படிச் சொன்னாள் என்று சொல்கிறேன். ஒரு நொடியைக் கோடி துண்டாக்க வேண்டும். அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடி துண்டாக்க வேண்டும். அந்தத் துண்டில் நாலைந்து சேர்ந்ததுதான் இந்த லேசரின் ஒரு பல்ஸ். அதற்குள் இருக்கிற சக்தியை எல்லாம் அடைத்து ஒரே அடியாக அடிக்கும். முதல் பல்ஸ் போய் மூலக்கூறை அடிக்கும். இரண்டாவது பல்ஸ் கொஞ்சம் பின்னால் வந்து, அடி வாங்கினது இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கும். எவ்வளவு பின்னால்? ஒரு கண்ணாடியைத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு பின்னால் தள்ளினால், அந்தக் கொஞ்சூண்டு தூரத்தைக் கூடுதலாகப் போய்வர வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு பின்னால். தள்ளித் தள்ளி ஒவ்வொரு புள்ளியாக எடுத்தால், அடி வாங்கினதிலிருந்து அது என்ன செய்தது என்று ஒரு கோடு கிடைக்கும். இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? நன்றாகச் சொன்னால் யாருக்கும் புரியும். எங்கள் வாத்தியாருக்குத்தான் சொல்லத் தெரியாது.

அக்காவின் மூலக்கூறு வெயில் கிரீமில் போடுகிறார்களே, அந்த வகை. வெயிலை வாங்கிக்கொண்டும் உடையாமல் நிற்கும். எப்படி உடையாமல் நிற்கிறது? அதுதான் அக்காவின் ஆறு வருடம். அதற்குள் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறதாம். அடி விழுந்ததும் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவுமாம். தாவிவிட்டுத் திரும்பி வருமாம். அந்தப் போக்குவரத்தில் வாங்கின அடியெல்லாம் சூடாக வெளியே போய்விடும் என்கிறாள். ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாள். ஹைட்ரஜன்தான் தாவுகிறது என்று எப்படிச் சொல்கிறாய், நிரூபி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிரூபிக்க ஒரு வழிதான். அந்த இடத்தில் சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கனமான ஹைட்ரஜனை வைக்க வேண்டும். தாவுவது அதுதான் என்றால், கனமாக இருந்தால் மெதுவாகத் தாவ வேண்டும். மெதுவானால் அக்கா சொன்னது சரி. ஆகாவிட்டால் ஆறு வருடமும் தப்பு. புனேயில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி அதைச் செய்து அனுப்பினாள். சுண்டுவிரல் அளவு குப்பியில் அடியில் கொஞ்சம். ஃபிரிட்ஜில் வைத்து, மேலே லேபிள் ஒட்டியிருக்கிறாள். "லோகு, இது சாப்பிடற பொருள் இல்ல." என்னை என்னவென்று நினைத்திருக்கிறாள் பாருங்கள்.

அந்த ஒரு அளவுதான் மிச்சம். அது கிடைத்தால் தீசிஸ். டிசம்பருக்குள் கொடுக்காவிட்டால் அவள் பதிவே ரத்து. ஏற்கனவே நீட்டி நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், இனி கிடையாது. தீபாவளி முடிந்ததும் லேசர் வேறு ஒரு குழுவுக்குப் போய்விடும். அதனால் தீபாவளிக்குள் அளவு எடுத்தாக வேண்டும். இவ்வளவுதான் சார் விஷயம்.

ஆனால் இந்தச் சனியன் நிற்க வேண்டுமே! நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாள் ஏ.சி. சரியில்லை. ஒரு நாள் கரண்ட் கண் சிமிட்டும். ஒரு நாள் கீழ்மாடியில் எவனோ பீரோவை நகர்த்துவான். உடனே லேசர் வெளிச்சம் விழுகிற பொட்டு நகர்ந்துவிடும். அக்கா ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்ணாடி கண்ணாடியாகத் துரத்துவாள். இந்தத் திருகை ஒரு சுண்டு, அந்தத் திருகை அரைச் சுண்டு. மத்தியானம் ஆகும், சாயங்காலம் ஆகும். கொண்டுவந்த தயிர்சாதம் புளித்துப்போகும். ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, இதுக்கு அப்பா பட்டறையிலயே இருந்திருக்கலாமே. ஒரு பஸ்ஸாவது முடிஞ்சு வெளிய போறதப் பாப்பே."

"பஸ் எங்கடா போகும்? கரூர்லேருந்து திருச்சி போகும்" என்றாள், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது.

சரி. ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் பொட்டு நின்றது. நின்றது என்றால் அசையாமல் நின்றது. காலையில் வந்து பார்த்தாலும் அதே இடம், சாயங்காலமும் அதே இடம். அக்காவுக்கு நம்பவே பயம். கதவைக்கூட மெதுவாகச் சாத்தினாள். தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடினாள். நான் செருப்பை வெளியே வேகமாகக் கழற்றிப் போட்டதற்கு முறைத்தாள். உடனே சாதா மூலக்கூறை வைத்து ஒரு தடவை எடுத்து, பழைய கோடு அப்படியே வருகிறதா என்று சரிபார்த்தாள். வந்தது. அடுத்தது குப்பிதான்.

அப்போதுதான் பழனியாண்டி அண்ணன் வந்து நின்றார். டிபார்ட்மெண்டின் டெக்னீசியன். எல்லா மெஷினும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர்தான், எனக்கு முறுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

"பாப்பா, நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்திரணும். ஆயுத பூஜையன்னிக்கு ஆயுதம் ஓடக்கூடாது."

"நிறுத்தினா மறுபடி பிடிக்க ரெண்டு வாரம் ஆகும்ணே."

"போன வருசமும் இதையேதான் சொன்னே. பூஜை போடல. மறுவாரமே லேசரைக் குளுத்துற சில்லர் வெடிச்சுதா இல்லையா?"

"அது பைப்பு பழசுண்ணே."

"ஏன் பழசாச்சு?"

பஞ்சாயத்து புரொபசர் ஞானசிகாமணி சாரிடம் போனது. அவர் வெளிநாட்டில் எல்லாம் இருந்து லேசர் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் சிரித்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவையும் பார்த்தார், பழனியாண்டி அண்ணனையும் பார்த்தார், ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் தீர்ப்பு சொன்னார்.

"சக்தியைக் குறைச்சு வச்சிரும்மா. ஓடட்டும். ஆனா வேலை செய்ய வேண்டாம்."

"பாதி டிபார்ட்மெண்ட் அப்படித்தானே சார் இருக்கு" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கற்பூரம், சாம்பிராணி எல்லாம் வராந்தாவோடு நிற்க வேண்டும். உள்ளே ஒன்றே ஒன்று, லேசர் பெட்டியின் வெளிமூடியில் ஒரு சந்தனப் பொட்டு, அதில் குங்குமம். அதையும் புரொபசரே கையைக் கழுவிவிட்டு வைப்பார். இதுதான் ஒப்பந்தம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பூஜையன்று காலையிலேயே புரொபசர் வந்து பொட்டு வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அக்கா மூடியைக் கழற்றி உள்ளே ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கீழேயிருந்து கூப்பிட்டார்கள். கோலம் போட ஆள் வேண்டுமாம். அந்த மாடியில் இருந்த ஒரே பெண் அவள்தான். "நான் வேலையா இருக்கேன்" என்றாள். "ரெண்டு நிமிசம்மா, இன்னிக்கு என்ன வேலை" என்றார்கள். போனாள். மூடி திறந்தபடியே இருந்தது. போகும்போது என்னிடம், "லோகு, கதவுகிட்டயே நில்லு. ஒருத்தரையும் உள்ள விடாதே" என்றாள்.

நின்றேன் சார். கடைசி வரைக்கும் நின்றேன். சுண்டல் கொண்டுவந்து நீட்டினார்கள், அப்போதும் நகரவில்லை. இதை யாராவது சொல்கிறார்களா?

பழனியாண்டி அண்ணன் தட்டோடு வந்தார். பின்னால் புரொபசர், ஆபீஸ் ஆட்கள், மாணவர்கள், ஒரு கூட்டமே வந்தது. மற்ற லேப் எல்லாம் முடித்துவிட்டு இதற்குக் கடைசியாக வந்தார்கள். "கதவைத் தொற தம்பி" என்றார். "உள்ள விடமாட்டேன்" என்றேன். "உள்ள யாரு வர்றா? சாத்தின கதவுக்கா தீபாராதனை காட்டறது? மெஷின் கண்ணுல படவேண்டாமா?" என்றார். அதுவும் நியாயம்தானே? திறந்தேன்.

திறந்ததும் குப்பென்று காற்று. உங்களுக்குத் தெரியும், மேசைக்கு மேலே அந்தப் பெரிய ஃபேன் பெட்டி. வடிகட்டின காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் வரும், வெளித்தூசி உள்ளே போகாது. அந்தக் காற்றில் கற்பூரம் அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா "அய்யய்யோ" என்றார்கள். மூன்றாவது தடவையும் அணைந்ததும் பழனியாண்டி அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது சார். புரொபசர் மேலே சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாராவது ஏதாவது செய்ய வேண்டாமா? ஃபேன் ஸ்விட்ச் கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரிலேயே இருக்கிறது. எட்டி அணைத்தேன்.

கற்பூரம் அப்படி எரிந்தது! நேராக நின்று எரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புரொபசரும்தான். அடுத்தது சாம்பிராணி. தூபக்காலை வாசலில் பிடித்துக்கொண்டு, விசிறியால் நன்றாக விசிறி விசிறிக் காட்டினார். புகை சுருள் சுருளாக உள்ளே போயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பட்டறையில் வெல்டிங் மெஷின், டிரில், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் மூச்சு முட்ட சாம்பிராணி போடுவோம். மறுநாள் ஒரே இழுப்பில் ஓடும். ஒன்றுகூடக் கெட்டது கிடையாது.

அக்கா ஒருத்தரையும் உள்ளே விடாதே என்றாள். நான் விடவில்லை. ஆள் யாரும் போகவில்லை சார். புகைதான் போயிற்று.

ஃபேனா? மறுபடி போட்டேனே. பொரி, சுண்டல் எல்லாம் கொடுத்து முடித்து, கூட்டம் கலைந்த பிறகு ஞாபகம் வந்தது. போட்டேன். அக்கா அதற்கும் பிறகுதான் வந்தாள். கையெல்லாம் கோலமாவு. கோலமும் நன்றாக இல்லை, ஒரு பக்கம் கோணல். கையைக் கழுவிவிட்டு வந்து மூடியைப் போட்டாள். சாம்பிராணி வாசனை அடித்திருக்கும், ஆனால் அன்றைக்குக் கட்டிடம் முழுக்க அதே வாசனைதானே. ஃபேன் ஓடுகிறதா என்று மேலே பார்த்தாள். ஓடியது. இடையில் நின்றதா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்?

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று அவளுக்கே ஒரு நினைப்பு. தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். குப்பியை எடுத்துக் கரைசல் போட்டாள். பாதிதான் போட்டாள், பாதியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாள். சக்தியை மெதுவாக முழுசுக்கும் ஏற்றினாள். பொட்டு நின்ற இடத்தில் நின்றது. கண்ணாடி நகர ஆரம்பித்தது. திரையில் புள்ளி வர ஆரம்பித்தது.

நான் மூலையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன போச்சு? ஆனால் புள்ளி ஒவ்வொன்றாக வரும்போது எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுவிட்டேன். சாதா மூலக்கூறின் பழைய கோடு கறுப்பில் இருந்தது. அது சட்டென்று இறங்கும். புதுப் புள்ளி சிவப்பில் வந்தது. மேலே ஏறியது. உச்சியில் நின்றது. இறங்கத் தொடங்கியது. கறுப்புக் கோடு கீழே போய்விட்டது, சிவப்பு இன்னும் மேலேயே இருந்தது.

"மெதுவாத்தானேக்கா இறங்குது?" என்றேன்.

"பேசாதே."

"இல்லக்கா, பாரு, மெதுவாத்தான்..."

"லோகு, பேசாதேடா. இன்னும் பாதி இருக்கு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் "டிக்" என்று ஒரு சத்தம். சமையல்கட்டில் ஒரு கடுகு வெடித்த மாதிரி. அவ்வளவுதான் சார். பெரிய சத்தம் எல்லாம் இல்லை. அடுத்த புள்ளி தரையில் விழுந்தது. அதற்கடுத்ததும் தரையில்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் வரிசையாக அணைத்தாள். மூடியைத் திறந்தாள். ஒரு சின்னக் கண்ணாடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். நடுவில் ஊசி குத்தின மாதிரி ஒரு வெள்ளைக் குழி. அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம். கண்ணாடியில் மற்ற இடமெல்லாம் லேசாக மங்கல், வாய் ஊதின மாதிரி. சுத்தமாக இருந்தால் வெளிச்சம் கண்ணாடியைத் தொட்டும் தொடாமல் திரும்பிப் போய்விடுமாம். ஒரே ஒரு துளி பிசுக்கு ஒட்டியிருந்தால் போதும், முதல் அடியிலேயே அது எரியும். எரிந்த இடத்தில் அடுத்த அடி இன்னும் ஆழமாக எரியும். ஒரு நொடிக்கு ஆயிரம் அடி.

கண்ணாடியை மூக்கருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள்.

"நேத்து ஃபேன் எப்பவாவது நின்னுச்சாடா?"

"ஆமா. நான்தான் நிறுத்தினேன்."

கேட்டாள், சொன்னேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. இதற்கு வேறு யாராவது இருந்தால் "எனக்குத் தெரியாதுக்கா" என்றிருப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள், "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள். சுண்டல் கொடுத்து முடிகிற வரைக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், துணி துவைக்கிறாயா என்று கேட்கிறாள். பேசவில்லை.

ஆனால் சார், நீங்கள் சொல்லுங்கள். பூஜை வேண்டும் என்றது யார்? பழனியாண்டி அண்ணன். சரி என்றது யார்? புரொபசர். மூடியைத் திறந்து போட்டுவிட்டுக் கோலம் போடப் போனது யார்? அணைந்த கற்பூரத்தை எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் ஒரு ஸ்விட்சை அணைத்தான். ஊரே அவனைப் பிடித்துக்கொண்டது. பழனியாண்டி அண்ணன்கூட, "தம்பி மட்டும் ஃபேனை நிறுத்தாம இருந்திருந்தா" என்று இழுக்கிறார். நிறுத்தாமல் இருந்திருந்தால் உங்கள் கற்பூரம் எரிந்திருக்குமா அண்ணே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. எனக்கு மட்டும்தான் இங்கே எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

புரொபசர் விஷயத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். எரிந்த அன்றைக்கே வந்து பார்த்தார். "ஓ" என்றார். மறுபடி "ஓ" என்றார். அப்புறம் அக்காவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். ஓரம் என்றால் நான் உட்கார்ந்திருந்த மூலைக்குப் பக்கத்து ஓரம். தானாகப் பழுதானால் கம்பெனியே மாற்றிக் கொடுக்குமாம். புகையோ தூசியோ உள்ளே விட்டுக் கெட்டால் கொடுக்காதாம். நாமே வாங்குவதென்றால் டெண்டர் விட்டு, கையெழுத்து வாங்கி, அது வருவதற்குள் அடுத்த ஆயுத பூஜையே வந்துவிடுமாம்.

"அதனால, நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு போச்சு. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். சரியாம்மா?" என்றார்.

"அவங்க எதுனால போச்சுன்னு கேட்டாங்கன்னா சார்?"

"நாம லேசர் ஓட்டறவங்க, ரிப்பேர் பண்றவங்க இல்ல. அதக் கண்டுபிடிக்கறது அவங்க வேலை."

சொல்லிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து டிஷ்யூவை எடுத்து, மூடியில் அவரே வைத்த சந்தனப் பொட்டை அழுத்தித் துடைத்தார் சார். மஞ்சளாக ஒரு தடம் போகவே இல்லை. மறுபடி எச்சில் தொட்டுத் துடைத்தார். கையைக் கழுவிவிட்டு வைத்த பொட்டு.

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி வீட்டில் அந்தப் பாதிக் கோட்டையே திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா, நீயும் போர்டுல எழுதினதப் பாத்து எழுதப் போறியா?" என்றேன்.

அப்போதுதான் திரும்பினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீ பேசாதேடா. நீ ஒரு ரீடிங் எடுத்தே, அதுக்காக ஸ்கூலயே விட்டே. அந்த பியூரெட்டை நீ கழுவியிருக்கலாம்டா லோகு. கழுவிட்டு எடுத்திருந்தா அந்தாளு முகத்துக்கு நேரா நின்னிருக்கலாம்."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சார்? நானே கேட்கிறேன். நான் லேசரைப் பற்றிப் பேசுகிறேன், அவள் பியூரெட்டைப் பற்றிப் பேசுகிறாள். படித்துப் படித்து மூளை குழம்பிவிட்டது.

பாதிக் கோடு வரைக்கும் மெதுவாகத்தான் இறங்கியது. நான் பார்த்தேன். "அது போதாதாக்கா?" என்றும் கேட்டுவிட்டேன். "பாதி போதாது" என்கிறாள். குப்பியில் இன்னும் பாதி இருக்கிறது. ஒரு தடவைக்குத்தான் வரும். நீங்கள் அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா? அந்தப் பெட்டியில்தான் இருக்கிறதா? இன்றைக்கே மாட்டிவிட்டால், பொட்டைப் பிடிக்க ரெண்டு வாரம், தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நான் கூட இருப்பேன். வெள்ளை அட்டை பிடிக்க எனக்கும் வரும்.

ஏன் சார் பெட்டியை மூடுகிறீர்கள்?

ஃபேன் ஸ்விட்சா? அதோ, கதவுக்கு வலப்பக்கம், கறுப்பாக. ஆமாம், அதேதான். அந்தச் சுவரில் கரி இருக்கிறது பாருங்கள், அது தூபக்கால் பட்டது. போட்டோ எடுக்கிறீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. என்ன வந்ததோ அதைத்தானே சார் சொல்ல வேண்டும்? நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன்.

படியில் சத்தம் கேட்கிறது. அவர்கள்தான். புரொபசர் முன்னால் பேசிக்கொண்டே வருகிறார், "நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு"தான் ஒத்திகை பார்க்கிறார், உதட்டைப் பாருங்கள். பின்னால் கேட் பாஸோடு வருகிறாளே, அவள்தான் அக்கா. உங்களைப் பார்த்துவிட்டாள். சிரிக்கிறாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று சார்.

சார், ஒரு நிமிஷம். அவள் கேட்டால் டீ குடித்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள். காலையில் கிளம்பும்போது இரண்டே வேலைதான் எனக்குச் சொன்னாள். "இன்ஜினியர் எங்களுக்கு முந்தி வந்துட்டாருன்னா கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடு. நாங்க வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே."

டீ வாங்கவே மறந்துவிட்டேன்.